வௌவால் டீச்சரின் பதில்

டீச்சரிடம் யாரும் வழி கேட்டுவிடக் கூடாது. வில்லாபுரம் பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது யாராவது வந்து, "அம்மா, திருமங்கலம் பஸ்சு இங்கதான நிக்கும்?" என்று கேட்டால், "நேத்து நின்னுச்சு. இன்னைக்கு நான் வந்ததிலிருந்து ஒண்ணும் வரல. நிக்கும்னுதான் நினைக்கிறேன், ஆனா உறுதியாச் சொல்ல முடியாது" என்பார். கேட்ட ஆள் பயந்துபோய் மூட்டையைத் தூக்கிக்கொண்டு அடுத்த ஸ்டாப்புக்கு நடப்பார். அவர் முதுகு மறைவதற்குள் பஸ் வந்து நிற்கும். எத்தனையோ தடவை நான் தலையில் அடித்துக்கொண்டிருக்கிறேன்.

அவர் ஒரு மிஷன் பள்ளியில் பதினோராம், பன்னிரண்டாம் வகுப்புகளுக்கு விலங்கியல் எடுத்தார். நான் அதே பள்ளியில் ஆபீஸ் கிளார்க். இரண்டு பேருக்கும் வில்லாபுரத்தில் அடுத்தடுத்த தெரு. என்னிடம் ஸ்கூட்டர் இருந்தது, அவருக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. இந்த ஒரே காரணத்தால் பத்துப் பன்னிரண்டு வருஷம் என் சனிக்கிழமைச் சாயங்காலங்கள் வௌவால் பின்னால் போயின. அந்தப் பிராணி மேல் எனக்கு எந்தப் பிரியமும் கிடையாது. "ஊருல அவனவன் பொண்டாட்டியக் கூட்டிக்கிட்டுப் படத்துக்குப் போறான். நீங்க டீச்சரக் கூட்டிக்கிட்டு வவ்வாலு பாக்கப் போறீக" என்று என் மனைவி அவர் முன்னாலேயே சொல்வாள். டீச்சர் கோபப்பட மாட்டார். "அவங்க சொல்றது சரிதான தம்பி" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறி உட்கார்ந்துகொள்வார்.

மொத்தமே மூன்று பதில்கள்தான் அவரிடம். பாத்தேன். பாக்கல. தெரியாது. மனுஷர்கள் வாயைத் திறந்து பேசுவதில் முக்கால்வாசி இந்த மூன்றிலும் சேராது. அதனால் அவருடன் பேச்சு வளர்ப்பது ரொம்பக் கஷ்டம். "வெயில் கொல்லுது டீச்சர், போன வருஷம் இம்புட்டு இல்ல" என்று சும்மா ஒரு வார்த்தைக்குச் சொல்வேன். "போன வருஷம் நீங்க அளந்து பாத்தீங்களா தம்பி?" என்பார். கிண்டலே இருக்காது அதில். நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்பார்.

பள்ளியில் வருஷா வருஷம் நன்றி ஆராதனை நடக்கும். எல்லா ஸ்டாஃபும் போக வேண்டும். நெற்றியில் விபூதியோடு நானும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். ஒரு வருஷம் டீச்சர் மஞ்சள் காமாலையில் இரண்டு மாதம் கிடந்து பிழைத்து வந்திருந்தார். தேவன் செய்த நன்மையைப் பற்றிச் சாட்சி சொல்லும்படி போதகர் அவரைக் கூப்பிட்டு மைக்கைக் கொடுத்தார். டீச்சர் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நின்றார். "ஜெபமும் பண்ணினேன். கீழாநெல்லியும் குடிச்சேன். பெரியாஸ்பத்திரி மாத்திரையும் போட்டேன். சுகமாயிருச்சு. மூணுல எதாலன்னு எனக்குத் தெரியாது. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்." சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். போதகர் மைக்கை வாங்கி, அடுத்த பாட்டின் நம்பரைச் சொன்னார்.

இப்படிச் சொல்லிச் சிரிக்கிறேனே தவிர, அந்த வாயால் எனக்கு ஒரு நல்லது நடந்திருக்கிறது. எங்கப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தார். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஹார்லிக்ஸ் பாட்டிலை வைத்துவிட்டு, "ஒண்ணுமில்ல மாப்ள, நாலு நாள்ல எந்திரிச்சு நடப்பாரு பாரு" என்றார்கள். டீச்சரும் வந்தார். அப்பாவின் கட்டிலருகே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். வராண்டாவுக்கு வந்ததும், "எப்படி இருக்காரு டீச்சர்?" என்று கேட்டேன். எல்லாரும் சொன்னதையே இவரும் சொல்வார் என்று ஒரு நப்பாசை. "நான் டாக்டர் இல்ல தம்பி. பாத்ததைச் சொல்றேன். மூச்சு சரியில்ல. கால் ரெண்டும் வீங்கியிருக்கு. தேறி வர்ற மாதிரி எனக்குத் தெரியல. லீவு போட முடிஞ்சா போட்டுட்டுக் கூட இருங்க" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. இந்தம்மாவுக்கு நாக்கிலேயே சனி உட்கார்ந்திருக்கிறது என்று மனசுக்குள் திட்டினேன். ஆனாலும் லீவு போட்டேன். இரண்டு நாள் அப்பாவுக்குக் கஞ்சி ஊட்டினேன், சவரம் பண்ணிவிட்டேன். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ரொம்ப நாளாகப் பேசாமல் கிடந்த ஒரு விஷயத்தைப் பேசினோம். மூன்றாம் நாள் மத்தியானம் அவர் போய்விட்டார். மற்றவர்கள் பேச்சை நம்பியிருந்தால் நான் அந்நேரம் ஆபீசில் உட்கார்ந்து டி.சி. எழுதிக்கொண்டிருந்திருப்பேன். அதற்கப்புறம் டீச்சர் எங்கே கூப்பிட்டாலும் மறுபேச்சில்லாமல் வண்டியை எடுத்தேன்.

வௌவால் என்றால் எனக்கு ஒன்றே ஒன்றுதான் தெரியும்: கறுப்பாக இருக்கும், தலைகீழாகத் தொங்கும். டீச்சருக்கு அதில் பல ஜாதி. நாகமலை அடிவாரத்து உசில மரக்காட்டில் பொழுது சாயும்போது என்னை நிறுத்திவைத்துக் காட்டுவார். இலைக்கு மேலே பறப்பது ஒன்று, இலைக்குக் கீழே புகுந்து போவது ஒன்று. பாறை இடுக்கில் தூங்குகிறது தனி, காய்ந்த பனையோலைக்குள் தூங்குகிறது தனி. கப்பலூரில் ஒரு பட்டறையின் ஷீட் கூரைக்கடியிலிருந்து விரல் நீளம்கூட இல்லாதவை ஒவ்வொன்றாக வெளியே விழுந்து, விழுகிற வேகத்திலேயே பறந்து போகும். "ஒரே காடுதான் தம்பி. ஆனா ஒண்ணுக்கொண்ணு இடைஞ்சல் இல்லாம நேரத்தப் பிரிச்சு, உயரத்தப் பிரிச்சு, இரையப் பிரிச்சு வச்சுக்கிருச்சு" என்பார். நான் கொசுவை அடித்துக்கொண்டு, "எங்க தெருவுல குழாய்த் தண்ணிக்கு இந்தப் புத்தி இல்லையே டீச்சர்" என்பேன். அப்போது மட்டும் சிரிப்பார்.

அந்த இடங்கள் ஒவ்வொன்றாகப் போயின. பாறையை குவாரிக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். பனை நின்ற இடம் கல் ஊன்றி பிளாட் ஆனது. வயக்காட்டுக்கு நடுவே இருந்த பழைய மண்டபத்தை யாரோ புண்ணியவான் வெள்ளையடித்து, வாசலுக்குக் கம்பிவலை போட்டுவிட்டார். பட்டறைக்காரர் கூரையை மாற்றினார். ஒவ்வொரு தடவையும் நான் கேட்பேன்: "எங்க டீச்சர் போயிருக்கும்? வேற எங்கயாச்சும் போயிருக்கும்ல?" அவர் அந்த வெற்றிடத்தையே பார்த்துக்கொண்டு, "தெரியாது தம்பி" என்பார். வீடு திரும்பும் வழியெல்லாம் எனக்கு, போயிருக்கும் என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும் இந்தம்மாவுக்கு என்று இருக்கும்.

கடைசியில் மிஞ்சியது ஒரு கண்மாய்க்கரை. டி. கல்லுப்பட்டிக்குப் போகிற வழியில், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற ஊர். பெயர் வேண்டாம். கரையில் ஓர் ஆலமரமும் நாலைந்து மருதமரங்களும் சேர்ந்து நின்றன. பகல் முழுக்க அவற்றில் பழந்தின்னி வௌவால்கள் தொங்கும். விரித்தால் இறக்கை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் இருக்கும். மரத்தடியில் ஒரு சாமி. அந்தச் சாமிக்கு வேட்டுச் சத்தம் ஆகாது என்று ஊர் வழக்கம். தீபாவளிக்கு ஒரு பொட்டுவெடி வெடிக்க மாட்டார்கள். பொங்கல் வைக்கப் போகும்போது கொட்டுக்காரர்கள் ஊர் எல்லையிலேயே கொட்டை இறக்கி வைத்துவிடுவார்கள். அங்கிருந்து எல்லாரும் வாய் பேசாமல் நடக்க வேண்டும். தலைதீபாவளிக்கு வருகிற மாப்பிள்ளைகள்தான் பாவம். ஒரு வருஷம் திருப்பூரில் வேலை பார்க்கும் ஒரு மாப்பிள்ளை பெட்டி நிறைய வெடியோடு வந்து இறங்கிவிட்டார். "என்ன மாமா, வவ்வாலுக்கெல்லாம் பயந்துக்கிட்டு இருக்கீக" என்றாராம். மச்சினன்மார்கள் அவரை வண்டியில் ஏற்றி மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய், அவர் ஆசை தீர வெடிக்கும்வரை காத்திருந்து கூட்டி வந்தார்கள்.

டீச்சர் முதல் தடவை போனபோது, அந்தச் சாமிக்குப் பூசை வைக்கிற பூசாரி, "ஆயிரம் வருசமா இருக்குக டீச்சரம்மா" என்றார் பெருமையாக. "அது எனக்குத் தெரியாதுங்க" என்றார் டீச்சர். பூசாரி முகம் சுருங்கிப் போயிற்று. போச்சு, இனிமேல் இந்த ஊருக்குள் விட மாட்டார்கள் என்று நினைத்தேன். ஆனால் அதே வாய்தான் பின்னால் அந்த ஊரையே அவர் பக்கம் கொண்டுவந்தது. புதிதாகக் கட்டிய தண்ணீர்த் தொட்டியில் கோளாறு இருக்கிறதா என்று ஊரில் சண்டை வந்தது. கட்டிய காண்ட்ராக்டர் வீட்டு மொட்டைமாடியில் நின்றுதான் டீச்சர் வௌவால் எண்ணுவார். அவர்கள் வீட்டுக் காப்பிதான் குடிப்பார். பள்ளி லேப்பில் தண்ணீரைச் சோதித்துவிட்டு வந்து, அந்தக் காண்ட்ராக்டர் முன்னாலேயே, "குடிக்க ஆகாது. சாக்கடை கலக்குது" என்றார். அன்றோடு மொட்டைமாடி போயிற்று. "டீச்சரம்மா பொய் சொல்லாது" என்று ஊரில் சின்னப் பிள்ளைகூடச் சொல்ல ஆரம்பித்தது. அவர்கள் அப்படிச் சொல்லும்போதெல்லாம் எனக்கும் கொஞ்சம் நெஞ்சு நிமிரும். கூட்டி வருகிறவன் நானல்லவா.

மூன்று வருஷத்துக்கு முன்னால், சித்திரை முடிகிற நேரம், கேரளாவில் வௌவால் காய்ச்சல் என்று டிவிக்காரர்கள் போட்டுக் காட்டிக்கொண்டே இருந்தார்கள். அதே வாரத்தில் அந்த ஊரில் ஒரு குழந்தை காய்ச்சலில் இறந்துபோயிற்று. நாலு வயசுப் பெண். தாய்க்கு ஒரே பிள்ளை. மரத்தடியில் கிடந்த, வௌவால் கடித்துப் போட்ட மாம்பழத்தை அந்தப் பிள்ளை எடுத்துத் தின்றதைப் பார்த்ததாக ஒருவர் சொன்னார். போதாதா? ஊர் இரண்டாகப் பிளந்தது. ஒரு பாதி மரத்தை வெட்டு என்றது. மறு பாதி சாமி குத்தம் ஆகிவிடும் என்றது. கடைசியில் இரண்டு பாதியும் ஒன்றாகச் சேர்ந்து ஒரு முடிவுக்கு வந்தார்கள். டீச்சரம்மாவைக் கேட்போம். அது பொய் சொல்லாது. அது என்ன சொல்கிறதோ அதன்படி செய்வோம்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து போனோம். ஊருக்கு முன்னாலேயே வழியில் பூசாரி நின்றிருந்தார். வண்டி ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டார். "டீச்சரம்மா, ஒங்களக் கும்புட்டுக் கேக்குறேன். அங்க வந்து பத்து வார்த்தை பேச வேணாம். வவ்வாலால இல்லன்னு ஒரு வார்த்தை. ஒரே வார்த்தை. ஊரு கேட்டுக்கிரும். பெறகு அவனவன் சோலியப் பாக்கப் போயிருவான்." டீச்சர், "அது எனக்குத் தெரியாதுங்களே ஐயா" என்றார். நான் பொறுக்கமாட்டாமல் திரும்பினேன். "டீச்சர், அது என்ன காய்ச்சல்னு ஆஸ்பத்திரிக்காரனுக்கே இன்னும் தெரியல. கேரளாவுக்கும் இந்த மரத்துக்கும் என்ன சம்பந்தம்? இல்லன்னு சொல்லிட்டு வாங்க." அவர் என்னைக் குழப்பத்தோடு பார்த்தார். "சம்பந்தம் இல்லைன்னு யாரும் பாத்தாங்களா தம்பி? பாக்காததை எப்படிச் சொல்றது?"

நாடக மேடை முன்னால் ஊரே உட்கார்ந்திருந்தது. டீச்சர் நன்றாகத்தான் பேசினார், பத்து நிமிஷம். அந்தக் காய்ச்சல் ரொம்ப அபூர்வம் என்றார். இந்தப் பக்கத்தில் வந்ததாகத் தான் கேள்விப்படவில்லை என்றார். வௌவால் கடித்த பழத்தைத் தொடாதீர்கள், கையைக் கழுவுங்கள், வௌவாலை மரத்தை விட்டு விரட்ட வேண்டாம், விரட்டினால் சிதறிப்போய் அங்கங்கே வீட்டுப் பக்கம் வரும், இப்போது தாயின் மார்பில் குட்டிகள் இருக்கிற நேரம் என்றார். எல்லாம் சொன்னார். ஒருத்தர் காதிலும் ஏறவில்லை. அவர்கள் அந்த ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தார்கள்.

அப்போது குழந்தையின் தாய் எழுந்து வந்தாள். சின்ன வயசு, இருபத்தைந்துகூட இருக்காது. தலைகூட வாராமல் வந்திருந்தாள். "டீச்சரம்மா, எம்புள்ள அந்தப் பழத்தத் தின்னு சாகலன்னு சொல்லுங்க. நீங்க சொன்னா நான் நம்புறேன்" என்றாள். டீச்சர் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். பூசாரி கையைக் கூப்பிக்கொண்டு டீச்சர் வாயையே பார்த்தார். நானும் சொல்லுங்க, சொல்லித் தொலைங்க என்று மனசுக்குள் கதறினேன்.

"எனக்குத் தெரியாதும்மா" என்றார் டீச்சர்.

"அப்ப, அதாலயும் இருக்கலாமா?" என்று பின்னாலிருந்து ஒருவன் கேட்டான்.

"இருக்கவே முடியாதுன்னு என்னால சொல்ல முடியல."

அவ்வளவுதான். கூட்டம் கலைந்தது. யாரும் கத்தவில்லை, சண்டை போடவில்லை. பொய் சொல்லாத வாய் சொல்லிவிட்டது, இனி என்ன பேச்சு என்று அவரவர் எழுந்து போனார்கள்.

இரண்டு நாள் கழித்துக் காலையில் பூசாரி போன் பண்ணினார். "சிவகாசியிலருந்து மூடை வந்து இறங்கிருச்சு டீச்சரம்மா, வாங்க" என்று அழுதார். நாங்கள் போய்ச் சேரும்போது எல்லாம் நடந்துகொண்டிருந்தது. முதல் வெடியைப் பற்றவைக்க ஊரில் ஒரு ஆம்பளைக்கும் கை வரவில்லையாம். பிறந்ததிலிருந்து அந்தக் கரையில் வேட்டுச் சத்தம் கேட்டதில்லை அவர்களுக்கு. ஊதுபத்தியை ஒருவர் கையிலிருந்து ஒருவர் வாங்கி, மறுபடியும் கொடுத்துக்கொண்டு நின்றார்களாம். அந்தத் தாய்தான் வந்து வாங்கிப் பற்றவைத்தாளாம்.

சூரியன் உச்சிக்கு ஏறிய வெளிச்சத்தில் அத்தனை வௌவாலும் மரத்துக்கு மேலே சுற்றிச் சுற்றி வந்தன. பகலில் எங்கே போவது என்று அவற்றுக்குத் தெரியவில்லை. கீழே குட்டிகள் விழுந்து கிடந்தன. கண் திறந்தவை, திறக்காதவை. சில உயிரோடு தரையில் நகர்ந்தன. டீச்சர் செருப்பை எங்கே விட்டார் என்று தெரியாது, மரத்தடிக்கு ஓடினார். ஊர்ப் பிள்ளைகள் குட்டியைத் தூக்கப் போனார்கள். "கையால தொடாதீங்க! துண்டு வச்சு எடுங்க!" என்று கத்தினார். கத்தியிருக்க வேண்டாம். கூட்டத்தில் ஒருவர், "பாத்தியா, தொடக் கூடாதாம். அப்ப விசம்தான்" என்றார். அடுத்த சரம் வெடித்தது.

நான் அவரைக் கையைப் பிடித்து இழுத்து வண்டியில் உட்காரவைத்தேன். சேலைத் தலைப்பில் பொதிந்து ஒரு குட்டியை வைத்திருந்தார். திருமங்கலம் தாண்டுவதற்குள் அது செத்துப்போயிற்று. "எத்தனை விழுந்திருக்கும் டீச்சர்?" என்று கேட்டேன். ஏதாவது பேசினால் தேவலை போலிருந்தது. "எண்ணல தம்பி" என்றார். பன்னிரண்டு வருஷத்தில் அவர் எண்ணாமல் வந்தது அன்று ஒரு நாள்தான்.

இதைவிடக் கொடுமை அடுத்த வாரம் நடந்தது. நான் ஆபீசில் அட்மிஷன் பாரம் கொடுத்துக்கொண்டிருந்தேன். லீவானாலும் அந்த வேலைக்கு டீச்சரும் வந்திருந்தார். அந்த ஊர்க்காரர்கள் நாலு பேர் வேட்டி சட்டையோடு, பழத்தட்டும் சால்வையுமாக வந்து நின்றார்கள். "எங்க புள்ளைகளக் காப்பாத்துன டீச்சரம்மாவுக்கு மரியாதை செய்ய வந்தோம்" என்றார்கள். ஆலமரத்தில் பாதிக் கிளையை வெட்டியாயிற்று, மருதமரம் இரண்டை அடியோடு சாய்த்தாயிற்று என்று சந்தோஷமாகச் சொன்னார்கள். சால்வையைப் போட்டுக்கொண்டு டீச்சர் நின்ற நிலை இருக்கிறதே, என் எதிரிக்குக்கூட அது வரக் கூடாது.

ஜூனில், பள்ளி திறந்த பிறகு, ஒரு சாயங்காலம் டீச்சர் வீட்டு வாசலில் நானும் அவரும் பேசிக்கொண்டிருந்தோம். அந்தத் தாய் தனியாக பஸ் ஏறி, வீட்டை விசாரித்துக்கொண்டு வந்துவிட்டாள். கையில் நாலாக மடித்த ஒரு காகிதம். ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட், தாமதமாக வந்தது. டீச்சர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தடவை படித்தார். "டெங்குன்னு போட்டிருக்கும்மா. கொசுவால வர்றது" என்றார்.

"அப்ப வவ்வாலால இல்ல."

"இல்லம்மா."

"இப்பச் சொல்றீகளே டீச்சரம்மா" என்றாள். குற்றம் சொல்கிற மாதிரி இல்லை. களைத்துப்போய்ச் சொன்னாள். பிறகு படியில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். "நாந்தான் முதல்ல பத்த வச்சேன். குட்டிக விழுந்துச்சே, ஒவ்வொண்ணும் அம்மாவத் தேடுச்சே. எம்புள்ளையும் அப்படித்தான ஆஸ்பத்திரியில தேடுச்சு. ராத்திரி கண்ண மூடுனா அதுதான் தெரியுது. அதுக திரும்பி வருமா டீச்சரம்மா? வருமான்னு மட்டும் சொல்லுங்க."

நான் டீச்சரைப் பார்த்தேன். அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். தெரியாதும்மா என்பார். இந்தப் பெண் எழுந்து போய் எந்தக் கிணற்றில் விழுமோ என்று பயந்து நான் எதையாவது சொல்ல வாயெடுத்தேன்.

"வரும்மா" என்றார் டீச்சர்.

"நெசமாவா?"

"நெசமாத்தான். இடம் அடங்கட்டும். வரும்."

அவள் டீச்சர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனாள். போகும்போது முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. தெரு திரும்பும்வரை டீச்சர் பார்த்துக்கொண்டிருந்தார். "வருமா டீச்சர்?" என்றேன், எனக்கும் ஆசைதான். "கிளையும் இல்ல, குட்டியும் இல்ல. வராது தம்பி. வரும்னு நினைக்க எங்கிட்ட ஒரு காரணமும் இல்ல" என்றார். "பின்ன ஏன் சொன்னீங்க?" "அந்தப் பொண்ணு முகத்தப் பாத்தீங்கள்ல." நான் தலையாட்டினேன். அவர் சேலைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "அன்னைக்கும் இதே முகந்தான் தம்பி, நாடக மேடை முன்னாடி. இப்ப வந்த வார்த்தை அன்னைக்கு வரலையே" என்றார்.

எனக்குத் தெரிந்த டீச்சர் அந்தச் சாயங்காலத்தோடு முடிந்துபோனார். அதற்கப்புறம் யார் என்ன கேட்டாலும் ஆமாம் என்றார். "என் பேரன் படம் வரைஞ்சிருக்கான், எப்படி இருக்கு?" என்றால் பார்க்காமலே, "நல்லா இருக்கு" என்பார். "ரிசல்ட் நூறு சதவீதம் வந்துரும்ல?" என்றால், "வந்துரும்" என்பார். ஸ்டாஃப் ரூமில் எல்லாருக்கும் சந்தோஷம். இப்பத்தான் மனுஷியாப் பழகுறாங்க என்றார்கள். எனக்கு அதைக் காதால் கேட்க முடியாது. சனிக்கிழமை நான் வண்டியைத் துடைத்து வைத்துக்கொண்டு காத்திருப்பேன். வர மாட்டார். ரிட்டயர் ஆனதும் பாளையங்கோட்டையில் தங்கை வீட்டோடு போய் இருந்தார். அங்கேயே போன வருஷம் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். அடக்கத்துக்கு நான் போனேன். சாட்சி சொன்னவர்கள் எல்லாரும், எப்போதும் அன்பான வார்த்தையே பேசினவர் என்றார்கள்.

சேதியைச் சொல்லப் பூசாரிக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. நேரில் போகச் சோம்பலில்லை, பயம். கடைசியில் தீபாவளியன்று காலையில் மனசு கேட்காமல் கிளம்பிவிட்டேன். திருமங்கலத்திலிருந்து ரோடெல்லாம் வெடிக் காகிதம். அந்த ஊருக்குள் நுழைந்தால் சத்தமே இல்லை. புதுத்துணி போட்ட பிள்ளைகள் வெறுங்கையோடு விளையாடிக்கொண்டிருந்தன. கண்மாய்க்கரையில் ஆலமரம் வெட்டுப்பட்ட இடத்தில் துளிர்த்திருந்தது. ஒரு வௌவால் இல்லை. மரத்தடியைக் கூட்டிச் சுத்தமாக வைத்திருந்தார்கள். அந்தத் தாய்தான் கையில் விளக்குமாறோடு நின்றாள்.

டீச்சர் இறந்த சேதியைச் சொன்னேன். விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். அழுது ஓய்ந்த பிறகு, "அண்ணே, எப்ப வரும்னு ஏதாச்சும் சொல்லிட்டுப் போனாகளா? ரெண்டு தீபாவளியா ஊருல ஒரு வெடி வெடிக்கல. டீச்சரம்மா வரும்னு சொன்னாகன்னு நாந்தான் வீடு வீடாப் போயிச் சொன்னேன். அவுக சொன்னா வரும்னு எல்லாரும் கேட்டுக்கிட்டாக" என்றாள்.

டீச்சர் என்னிடம் சொன்னது தொண்டைவரை வந்தது. அவள் முகத்தைப் பார்த்தேன்.

"எப்பன்னு சொல்லலம்மா" என்றேன்.

"சரிண்ணே. வரும்னு சொன்னாகல்ல, அது போதும்."

அப்போது மெயின் ரோட்டுப் பக்கம் யாரோ ஒரு மாப்பிள்ளை கொளுத்திய சரம் படபடவென்று வெடித்தது. அவள் சட்டென்று அந்தக் காலி மரத்தை அண்ணாந்து பார்த்தாள். பிறகு ஊர்ப்பக்கம் திரும்பிக் கையை வீசிக் கத்தினாள்: "ஏய், இன்னுங் கொஞ்சம் தள்ளிப் போயி வெடிக்கச் சொல்லுங்கடா! அதுக மிரண்டுறப் போகுது!"